கொடுத்து வைத்த சாவு

போன வருடம் குன்னூரில் ஒரு மருத்துவ முகாம். சும்மா போய் உட்கார்ந்தேன். நர்ஸ் அக்கா ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே படிவத்தை நிரப்பினார். "சுகர் இருக்கா? சிகரெட், பீடி? வீட்ல யாராச்சும் திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

முகாமை விட்டு வெளியே வந்து டீ சொல்லிவிட்டு நின்றபோதுதான் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார்.

1996 தை மாதம். தேயிலைச் செடிமேல் உப்புத் தூவியது மாதிரி உறைபனி விழுந்திருந்த காலை. பெரட்டுக்கு வந்து நின்ற தாத்தா, பீடியைப் பற்றவைக்க எடை போடும் கொட்டகையின் திண்ணையில் உட்கார்ந்தார். அப்படியே சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். தீக்குச்சிகூடக் கிழிக்கவில்லை என்பார்கள். அவருக்கு 57 வயது, எனக்கு ஏழு. லயத்தில் அன்று அழுகையோடு அழுகையாகக் கேட்ட ஒரு வாசகம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கொடுத்து வச்ச மனுஷன். படுக்கல, பாய நனைக்கல, யாருக்கும் பாரமா இருக்கல."

இப்படிச் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் அந்தச் சாவு 'நல்ல சாவு' ஆகிவிட்டது. அதனால்தான் நர்ஸ் அக்கா 'திடீர்னு' என்று கேட்டபோது எனக்கு அவர் நினைவு வரவில்லை. நல்ல சாவை யாராவது நோய்க் கணக்கில் சேர்ப்பார்களா? ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் சும்மா இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம், நான் டீ குடித்துக்கொண்டு நின்ற அதே குன்னூரில் எழுதப்பட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் 'ஹார்ட் அட்டாக்' என்றுதான் சொல்கிறோம். மருத்துவத்தில் மாரடைப்பு வேறு, கார்டியாக் அரெஸ்ட் எனும் இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஆள் வலியோடு, வியர்வையோடு, பேசிக்கொண்டுகூட இருக்கலாம். இதய நிறுத்தம் என்பது இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, அது ரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்திவிடுவது. சில நொடிகளில் நினைவு தப்பும். நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும். முதலாவது இரண்டாவதாக மாறலாம். பெரியவர்களிடம் திடீர் இதய நிறுத்தங்களில் பெரும்பகுதிக்கு அடியில் இதயக் குழாய் நோய்தான் இருக்கிறது. இளம் வயதினரிடம் இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்கள், துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் மரபுக் கோளாறுகள் போன்றவையும் காரணமாகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாகிற எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்கிறது. இறப்புச் சான்றிதழில் 'இதய நிறுத்தம்' என்று எழுதினால் அது மரணம் நடந்த விதம், அதன் காரணம் இல்லை. அப்படி எழுதாதீர்கள் என்று மருத்துவர்களுக்கான வழிகாட்டிகளே சொல்கின்றன. தவிர, இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மீதி எல்லாம் தாத்தா மாதிரி, 'உக்காந்தார், சாய்ஞ்சார்'.

ஆகவே திடீர்ச் சாவின் வரலாற்றைத் தேடுபவர் சான்றிதழ்களை நம்ப முடியாது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஆரம்பிப்பது உத்தமம். குன்னூரில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.

*

சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது பாஸ்டர் நிறுவனம். 1907-ல் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காகத் தொடங்கப்பட்டது. 1918-ல் அதன் ஒற்றை அறையில் 'பெரிபெரி விசாரணை' என்ற பெயரில் ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர். அந்த ஒற்றை அறைதான் பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நாட்டின் சாப்பாட்டுக் கணக்கு முழுக்க எங்கள் ஊரில் ஓர் அறையில் தொடங்கியது என்பது, இங்கே பிறந்து வளர்ந்த எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பெரிபெரி என்ற சொல்லின் வேர் சிங்களம் என்று அகராதிகள் சொல்கின்றன. 'முடியாது, இயலாது' என்ற பொருள் தரும் சொல், இரட்டித்து வந்தது. சிலோனில் பிறந்த பாட்டியிடம் கேட்டேன். "ஆமா, அங்கன சிங்களவன் பேரி பேரின்னுதான் சொல்லுவான்" என்றார். கால் மரத்து, நடக்க முடியாமல் போவது ஒரு வகை. இன்னொரு வகை நேரே இதயத்தைப் பிடிக்கும். உடம்பு நீர் கோர்த்து வீங்கும், இதயம் பெருக்கும், நன்றாக இருப்பது போலத் தெரிந்த ஆள் சில மணி நேரத்தில் போய்விடுவார். ஆசியாவில் அந்தக் காலத்தில் கூலி முகாம்கள், சிறைகள், கப்பல்கள் எங்கும் இது ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கிருமியா, விஷமா, காற்றா என்று பெரிய சண்டை.

சண்டையில் ஒரு முக்கியமான சாட்சி தமிழ்ச் சமையலறையிலிருந்து வந்தது. மலாயாவில் சீனத் தொழிலாளிகளுக்குப் பெரிபெரி வந்தது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. அதற்கு முன்பே, 1905-ல், கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பரிசோதனை செய்திருந்தார். விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் தீட்டிய பச்சரிசி, மறுபக்கம் புழுங்கலரிசி. பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. இன்று அப்படி ஒரு பரிசோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுக்காது. ஒப்புதல் சொல்ல முடியாதவர்கள் மேல் நடத்தியது அது. ஆனால் அந்தப் 18 பேரின் சாவிலிருந்துதான் உலகம் ஒன்றைக் கற்றுக்கொண்டது.

காரணம் எளிது. அரிசியின் தவிட்டில் தயமின் எனும் பி1 வைட்டமின் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பங்கு தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் தசை இதயம். தயமின் இல்லாவிட்டால் அது தளர்கிறது. இந்தத் தயமினை 1936-ல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், 1886-ல் நெல்லூரில் பிறந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை.

மெக்கரிசனும் நாரிஸும் 1924-ல் இந்தியாவில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதினார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கவில்லை. வட சர்க்கார் என்று அழைக்கப்பட்ட ஆந்திரக் கரையோர மாவட்டங்களில் குவிந்திருந்தது. அங்கே தீட்டிய பச்சரிசி வழக்கம். புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. மெக்கரிசனுக்குப் பின் 1935-ல் குன்னூருக்கு வந்த வாலஸ் அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் அந்தப் பகுதியில் குழந்தை இறப்பைக் கணக்கெடுத்தார்கள். பெரிபெரிப் பகுதியில் இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகள் அதிகமாக இறந்துகொண்டிருந்தன. தாய்க்குத் தயமின் இல்லை, அதனால் தாய்ப்பாலில் இல்லை. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை திடீரென்று வீறிட்டு அழுது, மூச்சு வாங்கி, இதயம் நின்று போய்விடும். பேயடித்தது, கண்பட்டது என்று அதற்கு எத்தனை பெயர் வைத்திருப்பார்கள்? உண்மையில் அது ரைஸ் மில்லில் ஆரம்பித்த சாவு.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. 'திடீர்' என்ற சொல் முதன்முதலாக இங்கே உடைகிறது. பிள்ளை செத்தது ஒரு மணி நேரத்தில். அதன் காரணமோ அம்மாவின் தட்டில் பல மாதங்களாக உட்கார்ந்திருந்தது.

*

மெக்கரிசனின் இன்னொரு சோதனை இன்னும் புகழ்பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு வட்டாரத்துச் சாப்பாடுகளை இளம் எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை எடை பார்த்தார். சீக்கியர் சாப்பாடு, அதாவது முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, முதலிடம். கடைசி இடம் மதராசி சாப்பாட்டுக்கு.

இந்த முடிவை அப்படியே விழுங்க முடியாது. சீக்கியர்களை 'போர்க்குடி' என்று பட்டம் கட்டிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அரசாங்கத்தின் ராணுவ மருத்துவர் அவர். பஞ்சாபின் நிலம் வைத்திருந்த விவசாயி தட்டையும், சென்னையின் ஏழைத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இனத்தின் உணவு' என்றால், நடுவில் கூலி என்ற ஒன்று காணாமல் போய்விடுகிறது. பாலும் காய்கறியும் வேண்டாம் என்று எந்த மதராசி சொன்னான்? அய்க்ராய்ட் காலத்தில் இந்தக் கேள்வி மெல்ல உள்ளே வந்தது. 1937-ல் குன்னூரிலிருந்து வெளியான இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல், எந்தச் செலவுக்கு என்ன சத்து கிடைக்கும் என்று கணக்குப் போடும் கையேடாக இருந்தது. பின்னாளில் அவர் வங்கப் பஞ்ச விசாரணைக் குழுவிலும் இருந்தார். பஞ்சத்தைப் பார்த்தவருக்குச் சாப்பாடு என்பது ருசியோ இனமோ இல்லை, கையில் இருக்கும் காசு.

ஆனால் மெக்கரிசனின் எலிகளிடம் நான் மறக்க முடியாத ஒரு கூட்டம் உண்டு. அது பிரிட்டிஷ் ஏழைகளின் சாப்பாட்டைத் தின்ற கூட்டம். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, டின் இறைச்சி, ஜாம். அந்த எலிகள் வளரவில்லை. பராமரிப்பவர்களைக் கடித்தன. அறுபது நாள் வாக்கில் பலவீனமானவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்தன.

இதைப் படித்தபோது என் கையில் டீயும் ரெண்டு வர்க்கியும் இருந்தன. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமை. மைதா, சர்க்கரை, வனஸ்பதி. வெள்ளைக்காரன் பிஸ்கட் ஆசையில் பிறந்து எங்கள் மலையின் சொந்தப் பலகாரமாக ஆனது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சர்க்கரை அள்ளிப்போட்ட டீயில் வர்க்கியை நனைத்துத் தின்றுவிட்டுப் போகாத தோட்டத் தொழிலாளி கிடையாது. குன்னூர் கூண்டில் எலிக்குக் கொடுத்த தட்டும் எங்கள் காலைத் தட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தத் தட்டு பெரிபெரியைக் கொண்டுவருவதில்லை. வேறொன்றைக் கொண்டுவருகிறது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயக் குழாய்களுக்குக் கெடுதல் என்று நிரூபணமாகி, இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

*

மெக்கரிசன் 1935-ல் ஓய்வு பெற்றார். அதே காலத்தில், நீலகிரிக்கு வடக்கே மலை இறங்கினால் வரும் மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் ஒரு பழக்கம் இருந்தது. பிறக்கும் குழந்தையின் எடையை நோட்டில் எழுதி வைப்பார்கள். யாருக்காக எழுதினார்களோ தெரியாது. அறுபது வருடம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டைத் திறந்தார்கள். 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்து, இன்னும் மைசூரில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து இதயத்தைச் சோதித்தார்கள். 1996-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 45 வயதைத் தாண்டியவர்களில், இரண்டரைக் கிலோ அல்லது அதற்குக் குறைவாகப் பிறந்தவர்களிடம் 11 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய். மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களிடம் 3 சதவீதம். எடை குறைவான தாய்மார்களின் பிள்ளைகளிடம் நோய் அதிகம்.

1996. தாத்தா செத்த அதே வருடம்.

இதன் பொருள் என்ன? வயிற்றில் இருக்கும்போது பட்டினியைப் பார்த்த உடம்பு, சிக்கனமாக வாழ ஏற்பாடு செய்துகொள்கிறது. பிறகு சர்க்கரையும் எண்ணெயும் தாராளமாகக் கிடைக்கும் காலம் வரும்போது அந்த ஏற்பாடே எதிரியாகிறது. பசியால் ஒரு சாவு, பகட்டால் ஒரு சாவு என்று இரண்டு தனித்தனிக் கதையாகத்தான் நான் நினைத்திருந்தேன். மைசூர் நோட்டு இரண்டையும் ஒரே கதை ஆக்கிவிட்டது.

'ரிஸ்க் ஃபேக்டர்' எனும் ஆபத்துக் காரணி என்ற எண்ணம் பரவலானது அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில். 1948 முதல் அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை என்று இன்று நாம் ஒப்பிக்கும் பட்டியல் அங்கிருந்து வந்தது. அது நமக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 2004-ல் இன்டர்ஹார்ட் ஆய்வு பதில் சொன்னது. தலைமை தாங்கியவர் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுஃப். 52 நாடுகளில் பார்த்தார்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் இல்லாமை, உடலுழைப்பு இல்லாமை, மது ஆகிய ஒன்பது விஷயங்களே முதல் மாரடைப்புகளின் பெரும்பகுதியை விளக்கிவிட்டன. தெற்காசியர்களுக்கு மட்டும் ஒரு வேறுபாடு. மற்றவர்களுக்குச் சராசரியாக 59 வயதை ஒட்டி வரும் முதல் மாரடைப்பு நமக்கு 53-லேயே வந்தது. காரணிகள் அதேதான். நம்மிடம் சீக்கிரம் வந்து சேர்கின்றன.

கொஞ்சம் மரபணுவும் உண்டு. 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தின் தங்கராஜ் முதலியோர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இளமையில் ஒன்றும் செய்யாது. நடுவயதுக்கு மேல் சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்தலாம்.

இந்த வரலாற்றில் எனக்கு வயிற்றைப் பிசைந்த தகவல் வேறு. கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களின் 45 கிராமங்களில் யார் எதனால் இறக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. இறப்புகளில் 32 சதவீதம் இதய, ரத்தக்குழாய் நோய்களால். கோதாவரி! வட சர்க்கார். குன்னூர்க்காரர்கள் பெரிபெரியைத் தேடிப்போன அதே கரை. தவிடு இல்லாமல் இதயம் நின்ற மண்ணில், எண்பது வருடத்துக்குள், ரத்தக்குழாய் அடைத்து இதயம் நிற்கிறது. 2012-ல் வெளியான தென்னிந்தியக் கிராம ஆய்வொன்றில் மொத்த இறப்புகளில் பத்தில் ஒன்று திடீர் இதயச் சாவு.

*

இனி தாத்தாவின் படிவத்தை நிரப்பிப் பார்க்கிறேன்.

பிறந்தது 1939, சிலோன் மலைத் தோட்டத்து லயத்தில். பிறந்த எடை: யாரும் எழுதவில்லை. தோட்டத்தில் கொழுந்தின் எடையைத் தினமும் எழுதினார்கள், பிள்ளையின் எடையை எழுதவில்லை. குழந்தைப் பருவம்: உலகப்போர். 1942-ல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்று, ரேஷன் வந்த காலம். பிறகு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்து. தாத்தா குடும்பம் கப்பல் ஏறியது எழுபதுகளில், தோட்டங்களில் பஞ்சம் வந்த சமயத்தில். மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மறுபடியும் அதே வேலை, அதே மாதிரி லயம்.

புகை: தினம் ஒரு கட்டு பீடி. குளிருக்கு என்பார். உப்பு: கருவாடு, ஊறுகாய். ரத்த அழுத்தம்: ஒரே ஒரு தடவை பார்த்து, "ஜாஸ்தியா இருக்கு, உப்பக் கொறை" என்றார்களாம். மாத்திரை தொடரவில்லை. சாவு நடந்த நேரம்: குளிர்காலக் காலை. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். இதயச் சாவுகள் குளிர்காலத்திலும் காலை நேரத்திலும் கூடுதல் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம்.

இத்தனையையும் எழுதிவிட்டுப் பார்த்தால் 'திடீர்' எங்கே? 57 வருடமாக அந்தத் திண்ணையை நோக்கித்தான் அவர் நடந்து வந்திருக்கிறார். பீடி அவர் கையில் இருந்தது, உண்மை. மீதிக் கட்டங்களில் பலவற்றை நிரப்பியவர்கள் வேறு ஆட்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் உடம்பை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. அடைப்பா, தாளக் கோளாறா, வேறேதுமா என்பது இனித் தெரியப்போவதில்லை. ஆனால் அவருடைய பேரனுக்குத் தெரிய வேண்டியது அதில்லை.

2021-ல் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது என் வயசுப் பயல்கள் எல்லாம் ஜிம்மைத் திட்டினார்கள், தடுப்பூசியைத் திட்டினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 18 முதல் 45 வயதுக்குள், ஆரோக்கியமாகத் தெரிந்து திடீரென்று இறந்த 729 பேரை, உயிரோடிருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களிடம் குறைந்திருந்தது. கூட்டியவை வேறு. கோவிட்டுக்காக மருத்துவமனையில் கிடந்தது. கடைசி 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிய குடி, அல்லது போதைப்பொருள், அல்லது வழக்கமில்லாத கடும் உடலுழைப்பு. அதோடு, குடும்பத்தில் ஒரு திடீர்ச் சாவு.

நர்ஸ் அக்கா கேட்ட கேள்வி இதுதான். நான் 'இல்லக்கா' என்று சொன்னதும் இதற்குத்தான்.

*

கடைசி நிமிடத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-ல் பால்டிமோரில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், நெஞ்சைத் திறக்காமல் வெறும் கையால் அழுத்தியே நின்ற இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டலாம் என்று எழுதினார்கள். நெஞ்சின் நடுவில், இரண்டு கையையும் கோர்த்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அதற்குள் ஷாக் கொடுக்கும் கருவி வரவேண்டும். அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஜீப் ஏறவே இருபது நிமிடம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல். மாரடைப்பு வந்தவரைச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முறையை, கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் முதலியோர் நம் மாநிலத்தில் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இதெல்லாம் மலைக்காரர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் இதயம் நின்றுபோன அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு ஆம்புலன்ஸ் எந்த ஊரிலும் அநேகமாக வந்து சேராது. பக்கத்தில் நிற்பவன்தான். 1996-ல் தாத்தாவின் பக்கத்தில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். தெரிந்ததைச் செய்தார்கள்.

2020-ல் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள், அவர்களில் 7.3 சதவீதம். அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் என் அம்மா. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாதாமாதம் லயத்துக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார். அம்மா அதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார், மாசம் முழுக்க வரணுமாம். சண்டை போட்டிருக்கிறேன்.

நான் மறுபடி முகாமுக்குப் போனேன். அதே நர்ஸ் அக்கா இல்லை, வேறொருவர். படிவத்தைத் திருத்தச் சொன்னேன். "தாத்தாங்க. அம்பத்தேழு வயசு. உக்காந்த இடத்துல."

அவர் ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அவங்க பிள்ளைங்களுக்குப் பாத்தாச்சா? உங்க அம்மா இருக்காங்களா? அவங்களையும் கூட்டிட்டு வாங்க, ஈசிஜி எடுத்துறலாம்."

சாயங்காலம் பாட்டியிடம் சொன்னேன். எண்பது தாண்டியாயிற்று, காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அவுக சாவு நல்ல சாவு இல்லையாடா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "அம்மாவ நாளைக்கு ஈசிஜிக்குக் கூட்டிட்டுப் போறேன் பாட்டி" என்று மட்டும் சொன்னேன்.